அடுத்த ஆண்டு

ஆண்டுதோறும் நவம்பர் 2-ஆம் நாள் மாலையில், நம் பங்கின் கல்லறைத் தோட்டத்தில் மெழுகுதிரிகளின் ஒளியில் இறந்தோர் பெயர்கள் வாசிக்கப்படுவது வழக்கம். குடும்பத்தார் துண்டுத் தாள்களில் எழுதித் தரும் பெயர்களைக் கோயிற்பிள்ளை ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கி வைத்துக்கொண்டு உரக்கப் படிப்பார். அந்தோணி, சூசை, மிக்கேல், இன்னாசி, செபஸ்தி என்று தடையின்றிச் செல்லும் அந்த வாசிப்பு ஓரிடத்தில் மட்டும் ஆண்டுதோறும் தட்டுப்பட்டு நிற்கும். அந்தத் தாள் நாம் எழுதிக் கொடுப்பது. அதிலுள்ள இரு பெயர்களும் போலந்து நாட்டு வழிவந்த பெயர்கள். கடலோரத்துத் தமிழ் நாவுக்கு அவை எளிதில் வசப்படுவதில்லை. கோயிற்பிள்ளை கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, எழுத்தெழுத்தாய்க் கூட்டிப் படித்து முடிக்கும்வரை ஊரார் பொறுமையோடு காத்து நிற்பார்கள்.

அவர்கள் யார் என்று பலர் நம்மைக் கேட்டதுண்டு. "அமெரிக்காவில் நமக்கு வேண்டியவர்கள்" என்று மட்டும் சொல்லிவந்தோம். தந்தையும் மகனுமான அவ்விருவரும் ஒரு விளையாட்டு அணியின்மீது வைத்த பற்றின் வழியாகவே நமக்கு வேண்டியவர்கள் ஆனார்கள் என்று சொன்னால், "சாமிக்கும் இந்தப் பைத்தியமா?" என்று சிரிப்பார்களோ என்ற கூச்சமே அதற்குக் காரணம். ஐம்பதைக் கடந்த வயதில் அந்தக் கூச்சத்தை இறக்கி வைத்துவிட்டு எழுதத் துணிகிறோம்.

2001-ஆம் ஆண்டு, இறையியல் மேற்படிப்புக்காக நம்மைச் சிகாகோ நகருக்கு அனுப்பினார்கள். நகரின் வடபகுதியில் ஒரு பங்கு இல்லத்தில் தங்கி, வார நாள்களில் படித்து, ஞாயிற்றுக்கிழமைகளில் திருப்பலி நிறைவேற்றி உதவினோம். அந்தக் கோயிலில் காணிக்கை எடுப்பவர்களுள் ஒருவர் ஓய்வுபெற்ற அஞ்சல்காரர். 1938-இல் பிறந்தவர். மனைவியை இழந்தவர். ஆசிரியையான ஒரே மகள் வேறு பகுதியில் குடியிருந்தாள். குளிர்காலம் முழுதும் அதிகம் பேசாத அந்த மனிதர், ஏப்ரல் பிறந்ததும் நீலநிறத் தொப்பி ஒன்றை அணிந்துகொண்டு சிறுவனைப்போல் சுறுசுறுப்பாகிவிடுவார். "ஃபாதர், உங்கள் நாட்டில் கிரிக்கெட் உண்டு என்கிறார்களே, எங்கள் ஆட்டத்தை ஒருநாள் வந்து பாருங்கள்" என்று அவர் அழைத்தபோது, மரியாதைக்காகவே உடன்பட்டோம்.

அவர் அழைத்துச் சென்ற இடம் ரிக்லி ஃபீல்டு. சிகாகோ கப்ஸ் என்னும் பேஸ்பால் அணியின் மைதானம். கப்ஸ் என்றால் கரடிக்குட்டிகள். 1914-இல் கட்டப்பட்ட அந்த மைதானத்தில் 1916 முதல் அவ்வணி ஆடிவருகிறது. நாற்புறமும் குடியிருப்பு வீடுகள் நெருங்கி நிற்க, நடுவே பச்சைக் கம்பளம் விரித்தாற்போன்ற புல்வெளி. எல்லைச் சுவரின் செங்கல்மேல் 1937-இல் நட்ட கொடிகள் அடர்ந்து படர்ந்திருக்கின்றன. அதே ஆண்டு எழுப்பிய ஓட்டப் பலகையில், உள்ளே ஆள்கள் நின்று எண் தகடுகளைக் கையாலேயே மாற்றுகிறார்கள். இரவு ஆட்டத்துக்கான மின்விளக்குகள் அங்கு வந்தது 1988 ஆகஸ்டில்தான். அதுவரை அவ்வணி தன் சொந்த மைதானத்தில் பகலில் மட்டுமே ஆடியது. ஆட்டம் முடிந்ததும் பலகையின் உச்சியில் ஒரு கொடி ஏறும். வென்றால் வெள்ளைக் கொடியில் நீல எழுத்து. தோற்றால் நீலக் கொடியில் வெள்ளை எழுத்து. வேலை முடிந்து தொடர்வண்டியில் வீடு திரும்புகிறவர்கள் அந்தக் கொடியைப் பார்த்தே அன்றைய செய்தியை அறிந்துகொள்வார்களாம்.

பேஸ்பால் நம்மவர்க்கு அந்நியமான ஆட்டம். ஆனாலும் அதன் அடிப்படை எளிது. ஒருவர் பந்தை வீச, ஒருவர் உருண்டையான மட்டையால் அடிக்கிறார். நான்கு தளங்களையும் சுற்றிவந்தால் ஓர் ஓட்டம். மூவர் வெளியேறினால் அடுத்த அணிக்கு மட்டை. இப்படி 9 இன்னிங்ஸ். கடிகாரம் பார்த்து முடிப்பதில்லை. சமநிலையில் கலைவதும் இல்லை. ஒரு முடிவு காணும்வரை இன்னிங்ஸ் நீளும். ஓர் அணி ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள் ஆடவேண்டும். ஏறத்தாழ ஆறு மாதங்கள் அன்றாடம் ஆட்டந்தான். பத்து முறை மட்டை பிடித்து மூன்று முறை வெற்றியோடு அடிப்பவர் சிறந்த வீரராகக் கருதப்படுகிறார். பத்தில் ஏழு தோல்வியைப் பெருமையாக எண்ணும் விளையாட்டு இது என்பதே நம்மை முதலில் வியக்க வைத்தது.

அன்று அவர் அணி தோற்றது. நீலக் கொடி ஏறியது. "எப்போது கடைசியாகப் பட்டம் வென்றீர்கள்?" என்று கேட்டோம். "1908" என்றார். நாம் தவறாகக் கேட்டுவிட்டோமோ என்று மீண்டும் கேட்டோம். "1908-தான், ஃபாதர். என் அப்பா அப்போது பிறக்கவே இல்லை."

அந்தக் கதையைப் பல மாலைகளில் சிறிது சிறிதாகக் கேட்டறிந்தோம். 1945 அக்டோபரில் கப்ஸ் அணி உலகத் தொடர் எனப்படும் இறுதிப் போட்டிக்கு வந்து, டெட்ராய்ட் டைகர்ஸ் அணியோடு ஏழு ஆட்டங்கள் பொருதது. அப்போது நம் நண்பருக்கு வயது ஏழு. தந்தை தொழிற்சாலைக் கூலியாள். நுழைவுச்சீட்டு வாங்கப் பணமில்லை. சமையலறை வானொலியின் அருகே இருவரும் அமர்ந்து கேட்டார்கள். ஏழாம் ஆட்டத்தில் அணி தோற்றதும் சிறுவன் அழுதான். தந்தை அவன் தலையைத் தடவி, "அடுத்த ஆண்டு உன்னை நேரிலேயே அழைத்துச் செல்கிறேன்" என்றார். அடுத்த ஆண்டு அணி அந்தக் கட்டத்துக்கு வரவில்லை. அதற்கடுத்த ஆண்டும் இல்லை. 1969-இல் கோடை முழுதும் முதலிடத்தில் நின்ற அணி, செப்டம்பரில் சரிந்து, நியூயார்க் மெட்ஸ் அணிக்கு 8 ஆட்டங்கள் பின்தங்கி முடித்தது. அந்தக் குளிர்காலத்தில் தந்தை இறந்துபோனார். சொன்ன சொல் அப்படியே நின்றுவிட்டது.

இத்தனை தோல்விக்கும் சாபமே காரணம் என்பார் உண்டு. 1945 தொடரின் நான்காம் ஆட்டத்துக்கு வில்லியம் சயானிஸ் என்னும் மதுக்கடைக்காரர் தம் ஆட்டுக்கடாவோடு வந்தாராம். நாற்றம் வீசுகிறது என்று கடாவை வெளியேற்றியதால் அணியைச் சபித்தாராம். இந்தக் கதையை நாளேடுகள் வளர்த்தன. 2008-இல் அணி நிர்வாகமே கிரேக்க மரபுத் திருச்சபைக் குரு ஒருவரை வரவழைத்து, வீரர்கள் அமரும் இடத்தில் தீர்த்தம் தெளிக்கச் செய்தது. அந்த ஆண்டு முதற்சுற்றிலேயே மூன்று ஆட்டங்களிலும் தோற்று வெளியேறினார்கள். சாபத்தை நாமும் நம்பவில்லை, நம் நண்பரும் நம்பவில்லை. "ஆட்டின்மேல் பழிபோடாதீர்கள், ஃபாதர்" என்பார். 1961, 1962-ஆம் ஆண்டுகளில் பொறுப்பான ஒரே மேலாளர் இல்லாமல், பயிற்சியாளர்கள் மாறி மாறி அணியை நடத்திய விந்தையை அவர் நினைவூட்டுவார். ஜாக்கி ராபின்சன் 1947-இலேயே புரூக்ளின் அணியில் ஆடி நிறவேற்றுமைத் தடையை உடைத்திருக்க, கப்ஸ் அணி கறுப்பின வீரர் ஒருவரைக் களமிறக்க 1953 செப்டம்பர் வரை காத்திருந்ததையும் வருத்தத்தோடு சொல்வார். அப்படி வந்தவரே எர்னி பேங்க்ஸ். 19 பருவங்களில் 2,528 ஆட்டங்கள் அந்த ஒரே அணிக்காக ஆடியவர். பருவத்துக்குப் பிந்தைய போட்டி ஒன்றில்கூட ஆடும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. ஆயினும் சிரித்த முகம் மாறாதவர். அவர் பெயரைச் சொல்லும்போது நம் நண்பர் தொப்பியைத் தொட்டுக்கொள்வார்.

2003-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் இரவை நாம் மறப்பதற்கில்லை. உலகத் தொடருக்கு முந்தைய சுற்றில் ஃபுளோரிடா மார்லின்ஸ் அணியை எதிர்த்து ஆறாம் ஆட்டம். அவர் வீட்டுச் சமையலறையில், அந்தப் பழைய மேசையருகே அமர்ந்து தொலைக்காட்சியில் பார்த்தோம். எட்டாம் இன்னிங்ஸில் கப்ஸ் 3-0 என முன்னிலையில் இருந்தது. இன்னும் ஐந்து பேரை வெளியேற்றினால் 58 ஆண்டுகளுக்குப் பின் உலகத் தொடர். அப்போது இடப்புறப் பார்வையாளர் வரிசையின் ஓரமாக ஒரு பந்து உயர்ந்து வந்தது. வீரர் மொய்சஸ் அலூ சுவரோரம் எம்பினார். இருக்கையில் இருந்த சிலர் கைநீட்டினர். அவர்களுள் ஓர் இளைஞனின் கை பட்டுப் பந்து விலகியது. அதன்பின் அணை உடைந்தாற்போல் ஆயிற்று. கைக்கு வந்த எளிய பந்தொன்றை அணியின் வீரரே தவறவிட்டார். ஒரே இன்னிங்ஸில் 8 ஓட்டங்கள். 8-3 எனத் தோல்வி. மறுநாள் இறுதி ஆட்டத்திலும் 9-6 எனத் தோற்றார்கள்.

அந்த இளைஞனை நோக்கி மைதானமே கூச்சலிட்டது. அவன்மேல் மதுவும் குவளைகளும் வீசப்பட்டன. காவலர்கள் அவனைச் சூழ்ந்து வெளியே அழைத்துச் சென்றதைத் தொலைக்காட்சி மீண்டும் மீண்டும் காட்டியது. வெட்கத்தோடு ஒன்றை ஒப்புக்கொள்கிறோம்: அந்நேரத்தில் நம் வாயிலிருந்தும் ஒரு கடுஞ்சொல் வெளிவந்தது. இரண்டு ஆண்டுப் பழக்கமே உள்ள நமக்கு அவ்வளவு ஆத்திரம்! வாழ்நாளெல்லாம் காத்திருந்த மனிதரோ எழுந்து ஒலியைக் குறைத்தார். "அந்தப் பையன் இன்றிரவு எப்படி வீட்டுக்குப் போவான்?" என்றார். சிறிது நேரம் கழித்து, அலமாரியின்மேல் கிடந்த பழைய தோல் கையுறையைச் சுட்டிக்காட்டினார். "சிறுவயது முதல் அதை மாட்டிக்கொண்டுதான் மைதானத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு பந்தாவது நம்மிடம் வராதா என்றுதானே? அவனிடம் வந்தது. நானாயிருந்தாலும் கை நீட்டியிருப்பேன்."

குருமடத்தில் ஒப்புரவு அருளடையாளம் பற்றி எத்தனையோ பாடங்கள் கேட்டிருக்கிறோம். அந்தச் சமையலறையில் கேட்ட பாடம் அவற்றுக்கு இளைத்ததன்று. (2017-இல் அணி நிர்வாகம் அந்த இளைஞருக்கும் ஒரு வெற்றி மோதிரத்தை வழங்கிப் பழைய காயத்துக்கு மருந்திட்டது. 14 ஆண்டுகள் கழித்துச் செய்ததை நம் நண்பர் அன்றிரவே செய்துவிட்டார்.)

அடுத்து வருவது நம் சொந்தக் கதை. 2004-இன் தொடக்கத்தில் படிப்பு முடியும் தறுவாயில் இருந்தது. ஊருக்குத் திரும்பினால் நமக்குக் காத்திருந்தது ஒரு கடலோரப் பங்கு. கோயில் பாதி கட்டியபடி நின்றது, கடன் இருந்தது, ஊர் இரு கட்சிகளாய்ப் பிரிந்து, திருவிழாக் கொடியேற்றமே வழக்குமன்றம் ஏறியிருந்தது. அதற்குமுன் சென்ற குருக்கள் எவரும் மூன்றாண்டு நிலைக்கவில்லை. அதே வேளையில், அமெரிக்காவிலேயே தங்கிப் பணியாற்றும்படி ஓர் அழைப்பும் நமக்கு வந்தது. முறைப்படி இசைவு பெற வழியும் இருந்தது. கதகதப்பான அறை, நேரத்துக்கு நடக்கும் காரியங்கள், மறையுரை நன்று என்று கைகுலுக்கும் மக்கள். "இறைவனின் பணி எங்கும் பணிதானே" என்று நமக்கு நாமே இறையியல் பேசிக்கொண்டிருந்தோம். இறையியல் கற்றவர்க்குச் சாக்குகள் எளிதில் கிடைத்துவிடுகின்றன!

ஏப்ரலில் ஒரு குளிர்ந்த பிற்பகலில், ரிக்லி மைதானத்தின் மேல்வரிசையில் அமர்ந்து இதை அவரிடம் சொன்னோம். அறிவுரை எதுவும் அவர் சொல்லவில்லை. ஆட்டத்தைப் பார்த்தபடியே தம் பிள்ளைப்பருவத்துச் செய்தி ஒன்றைச் சொன்னார்.

"எனக்குப் பதின்மூன்று வயதில் ஒரு கள்ளத்தனம் செய்தேன், ஃபாதர். கப்ஸ் அடிமட்டத்தில் கிடந்த காலம். பள்ளியில் எல்லோரும் கேலி பேசுவார்கள். நியூயார்க் யாங்கீஸ் அப்போது 1949 முதல் 1953 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பட்டம் வென்றது. நான் இரகசியமாக யாங்கீஸ் பக்கம் போய்விட்டேன். 1951-இல் அவர்கள் வென்றார்கள். என் அணி வென்றுவிட்டது! வீட்டுக்கு ஓடிவந்தேன். அப்பா அந்த மேசையருகே உட்கார்ந்திருந்தார். சொல்ல வாயெடுத்தேன், சொல்ல முடியவில்லை. வெற்றி கையில் இருக்கிறது, பங்குபோட ஆளில்லை. தோற்கும்போதெல்லாம் நாங்கள் இருவராக இருந்தோம். வென்றபோது நான் தனியாக நின்றேன்."

"அப்பாவுக்குத் தெரிந்துவிட்டதா?" என்று கேட்டோம்.

"தெரிந்திருக்கும். ஒன்றும் கேட்கவில்லை. ஏப்ரலில் தொப்பியை எடுத்துக்கொண்டு, 'வருகிறாயா?' என்றார். போனேன்."

அவ்வளவே. அன்றும் கப்ஸ் தோற்றது. படியிறங்கி வரும்போது நம் முடிவு நமக்குத் தெரிந்துவிட்டது. அந்த ஆண்டு ஜூலையில் நாம் ஊர் திரும்பினோம்.

அந்தப் பங்கில் நாம் வெற்றிக்கொடி நாட்டிவிட்டதாக எவரும் எண்ணவேண்டாம். கோயில் கட்டி முடிய ஏழாண்டு ஆயிற்று. இரு கட்சிகளும் ஒரே பந்தியில் அமர்ந்ததை நாம் அங்கிருந்த காலத்தில் காணவில்லை. நமக்குப் பின்வந்தவர் கண்டார். ஆயினும் அங்கிருந்து ஓடிப்போகாமல் நின்றோம். நின்றதற்கு அந்த அஞ்சல்காரருக்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறோம்.

ஆண்டுதோறும் ஏப்ரலில் அவரிடமிருந்து கடிதம் வரும். 2004-இல் பாஸ்டன் ரெட் சாக்ஸ் 86 ஆண்டுகளுக்குப் பின்னும், 2005-இல் அதே சிகாகோவின் தென்பகுதி அணியான ஒயிட் சாக்ஸ் 88 ஆண்டுகளுக்குப் பின்னும் பட்டம் வென்றபோது, "வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்றவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள், இனி எங்கள் முறைதான்" என்று எழுதினார். 2011 கிறிஸ்து பிறப்புக்கு வந்ததே கடைசிக் கடிதம். பாஸ்டன் அணியை வெற்றிபெறச் செய்த தியோ எப்ஸ்டீன் என்பவரை அந்த அக்டோபரில் கப்ஸ் நிர்வாகம் பொறுப்பேற்க அழைத்திருந்தது. "இளைஞர்களைச் சேர்த்து அடித்தளத்திலிருந்து கட்டப்போகிறார்களாம். அதுவரை சில ஆண்டுகள் இன்னும் மோசமாகத் தோற்போமாம். அது எங்களுக்குப் பழகியதுதான். அடுத்த ஆண்டு பார்ப்போம்" என்று முடித்திருந்தார். 2012 பிப்ரவரியில் அவர் இறந்த செய்தியை மகள் அறிவித்தாள். அந்த ஆண்டு அவ்வணி 101 ஆட்டங்களில் தோற்றது. எர்னி பேங்க்ஸ் 2015 சனவரியில் மறைந்தார்.

2016-இல் வந்தது அந்த ஆண்டு. உலகத் தொடரில் எதிரணி கிளீவ்லாந்து. அன்று இண்டியன்ஸ் என்ற பெயர் தாங்கி, இன்று கார்டியன்ஸ் என்று அழைக்கப்படும் அவ்வணியும் 1948 முதல் பட்டமின்றிக் காத்திருந்ததே. முதல் நான்கு ஆட்டங்களில் மூன்றில் கப்ஸ் தோற்றது. பின் இரண்டை வென்று சமன்செய்தது. ஏழாம் ஆட்டம் நவம்பர் 2-ஆம் நாள் இரவு. ஆம், இறந்த விசுவாசிகள் அனைவரையும் நினைவுகூரும் நாள்!

நமக்கு அது நவம்பர் 3 அதிகாலை. முந்திய மாலை கல்லறைகளை மந்திரித்த களைப்பு இன்னும் தீரவில்லை. ஆறுமணித் திருப்பலியில் மனம் எங்கெங்கோ ஓடியதை இறைவன் மன்னிப்பாராக. பின் பங்கு அலுவலகத்தில் திருமண ஓலைக்கு வந்தவர்களையும், ஞானஸ்நானச் சான்றுக்கு வந்த மூதாட்டியையும் கவனித்தபடி, மேசைமேல் வைத்த கைபேசியில் எண்கள் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எட்டாம் இன்னிங்ஸில் 6-3 என முன்னிலை. வெற்றிக்கு இன்னும் நால்வரை வெளியேற்றினால் போதும். மீண்டும் அதே எட்டாம் இன்னிங்ஸ்! ராஜாய் டேவிஸ் என்பவரின் அடியில் பந்து எல்லைச் சுவரைத் தாண்டிப் பறக்க, ஆட்டம் 6-6 ஆயிற்று. ஒன்பதாம் இன்னிங்ஸில் முடிவில்லை. மழை வந்து 17 நிமிடம் ஆட்டம் நின்றது. பத்தாம் இன்னிங்ஸில் பென் சோப்ரிஸ்ட் அடித்த பந்தில் ஓர் ஓட்டம், மிகெல் மொன்டேரோ அடித்த பந்தில் இன்னோர் ஓட்டம். கிளீவ்லாந்து ஒன்றை மீட்டது. கடைசியில் தரையில் உருண்டுவந்த பந்தைக் கிரிஸ் பிரயன்ட் எடுத்து, வீசும்போதே சிரித்துக்கொண்டு, அந்தோணி ரிஸ்ஸோவிடம் எறிந்தார். 8-7. 1908-க்குப் பின் 108 ஆண்டுகள். ஊரில் காலை பத்து மணி தாண்டியிருந்தது. சிகாகோவில் இன்னும் நள்ளிரவு ஆகவில்லை. அங்கே இன்னும் இறந்தோர் நினைவு நாளே.

நம் கண்கள் நிறைந்ததைக் கண்டு கோயிற்பிள்ளை பதறிவிட்டார். "என்ன சாமி, வீட்ல யாரும் தவறிட்டாங்களா?"

"இல்லை ஐயா. தவறிப்போன ஒருவருக்கு நல்ல செய்தி வந்திருக்கிறது" என்றோம். அவர் நம்மைப் பார்த்த பார்வையில், சாமிக்குக் காய்ச்சலோ என்ற ஐயம் இருந்தது.

அடுத்த சில நாள்களில் அந்நகரில் நடந்ததை மகள் எழுதினாள். வெற்றி ஊர்வலத்துக்குத் திரண்ட மாபெருங்கூட்டத்தை உலகமே கண்டது. நம்மைத் தொட்டது வேறு. மைதானத்தின் வெளிச்சுவர்களில், வேவ்லண்ட், ஷெஃபீல்டு தெருக்களை ஒட்டிய செங்கற்களில், மக்கள் சுண்ணக்கட்டியால் பெயர்களை எழுதத் தொடங்கினார்களாம். இந்த நாளைக் காணாமல் இறந்துபோன தாத்தா, பாட்டி, தந்தை, தாய், அண்ணன் பெயர்கள். எவரும் ஏற்பாடு செய்யவில்லை. எட்டிய உயரம்வரை எழுதி, பின் ஒருவர் தோளில் ஒருவர் ஏறியும் எழுதினார்களாம். கல்லறைகளுக்குச் சென்று நீலக்கொடிகளும் தொப்பிகளும் வைத்துவிட்டு வந்தவர்கள் பலர். மகள் அனுப்பிய ஒளிப்படத்தில் ஒரு செங்கல்லில் தாத்தாவின் பெயரும், அதன் கீழே தந்தையின் பெயரும் இருந்தன. அருகே, "அப்பா, தாத்தா உங்களை அழைத்துச் செல்வதாகச் சொன்ன ஆண்டு இதுதான்" என்று எழுதியிருந்தாள். அன்று முதல்தான் நம் தாளில் இரு பெயர்கள்.

அன்பர்களே, இதைப் பெரிதுபடுத்துவதாக நினைக்கவேண்டாம். விளையாட்டு விளையாட்டுத்தான், அது மீட்பைத் தருவதில்லை. தொழில்முறை அணி என்பது ஒரு வணிகம் என்பதையும் நாம் அறிவோம். 2009-இல் கப்ஸ் அணியும் மைதானமும் ஏறத்தாழ 84.5 கோடி டாலருக்குக் கைமாறின. நம் நண்பர் தம் ஓய்வூதியத்திலிருந்து கொடுத்த நுழைவுக் கட்டணம் யாரோ செல்வரின் பேரேட்டில் ஏறியது. 2016-இல் சிரித்தபடி பந்தை எறிந்தவரும் அதைப் பிடித்தவரும் 2021 ஜூலையில் வேறு அணிகளுக்கு மாற்றப்பட்டுவிட்டார்கள். அப்படியானால் அவர் எதன்மீது அன்பு வைத்தார்? வீரர்கள் மாறினர், உரிமையாளர் மாறினர். மாறாதிருந்தது, "வருகிறாயா?" என்று ஒரு தந்தை மகனைக் கேட்ட குரல். அந்தக் குரலுக்கு அவர் ஒவ்வோர் ஏப்ரலிலும் "வருகிறேன்" என்று மறுமொழி கூறிக்கொண்டிருந்தார்.

விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம் என்று நம் பெற்றோர் மனனம் செய்த மூன்றனுள் நடுவில் நிற்பதை இன்று எதிர்நோக்கு என்கிறோம். எதிர்நோக்கின் இலக்கு நன்மையாய், வரவிருப்பதாய், எட்டக் கடினமாய், ஆயினும் இயலக்கூடியதாய் இருக்கவேண்டும் என்று புனித தாமஸ் அக்குவினாஸ் வகுத்ததைக் குருமடத்தில் தேர்வுக்காகப் படித்தோம். கடினமானது என்ற சொல்லை மட்டும் அப்போது நாம் அடிக்கோடிடவில்லை. எளிதில் கிடைப்பதை எவரும் எதிர்நோக்குவதில்லை, வாங்கிக்கொள்கிறார்கள். இறைவாக்குறுதியின்மீது வைக்கும் எதிர்நோக்கு வேறு, ஓர் அணியின்மீது வைப்பது வேறு. முன்னது ஏமாற்றாது, பின்னது 107 ஆண்டுகள் ஏமாற்றியது. ஆனால் காத்திருக்கும் பழக்கத்தை மனிதர் எங்கோ ஓரிடத்தில் பழகத்தானே வேண்டும்? அவர் அதை ஒரு சமையலறை வானொலியருகே பழகினார். அவரிடமிருந்து நாம் பழகினோம்.

2025 மே 8-ஆம் நாள் சிகாகோவில் பிறந்த ஒருவர் பதினான்காம் லியோ என்னும் பெயரில் திருத்தந்தையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, அவர் கப்ஸ் இரசிகர் என்று முதலில் ஒரு செய்தி பரவியது. உடனே நம் நண்பரை நினைத்து மகிழ்ந்தோம். மகிழ்ச்சி நீடிக்கவில்லை. திருத்தந்தையின் உடன்பிறந்தவரே, "இல்லை, அவர் ஒயிட் சாக்ஸ் இரசிகர்" என்று திருத்தினார். அந்த ஒயிட் சாக்ஸ் அணியோ 2024-இல் 121 ஆட்டங்களில் தோற்றிருந்தது. தோற்கும் அணியை விட்டுப்போகாத ஒருவர் கிடைத்திருக்கிறார் என்று நம் நண்பர் மனம் தேறியிருப்பார் என்றே தோன்றுகிறது. கப்ஸ் அணியும் 2016-க்குப் பிறகு, 2025 பருவம் முடியும்வரை மீண்டும் பட்டம் பெறவில்லை. ஏப்ரல் வந்தால் நாமும் எண்களைத் தேடிப் பார்க்கத்தான் செய்கிறோம்.

சென்ற கல்லறைத் திருநாளிலும் பெயர்கள் வாசிக்கப்பட்டன. நம் தாள் வந்தது. கோயிற்பிள்ளைக்கு இப்போது எழுபது வயது. கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, முதற்பெயரை ஒருவாறு கடந்து, இரண்டாவதில் தடுக்கி விழுந்து எழுந்தார். ஊரார் வழக்கம்போல் பொறுமையோடு மறுமொழி கூறினார்கள். மெழுகுதிரிகள் அணைந்து, எல்லாரும் கலைந்தபின், அவர் நம்மருகே வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"அந்தப் பேரு இன்னும் நாக்குல பிடிபடல சாமி. அடுத்த வருசம் சரியா வாசிச்சிருதேன்" என்றார்.